நான் மொழிபெயர்க்காமல் விட்டது

லண்டன் எட்மண்டனில் நாங்கள் வேலை செய்த தையல் பாக்டரியைப் பூட்டப்போவதாக முதலாளி சொன்ன அன்று, அங்கே பெரிய வாய் என்னுடையதுதான். இருபது வருசம் அங்கே துணி வெட்டியவன் நான். பள்ளிக்கூடச் சட்டைகளும் பாவாடைகளும்தான் எங்கள் வேலை. கடைசி ஒரு வருசம் தைக்கவே இல்லை. வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்திறங்கிய சட்டைகளை அயன் பண்ணி மடித்துக் கடைகளுக்கு அனுப்பினோம். எங்கள் சோற்றில் மண் போட்ட சட்டைகளை நாங்களே மடித்துக் கொடுத்தோம். பிறகு அதற்கும் ஆள் தேவையில்லை என்றாகிவிட்டது.

வேலை போகிறவர்களுக்கு அரசாங்கம் என்ன உதவி செய்யும் என்று விளக்க, ஜொப் சென்டர் என்கிற அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் கன்டீனுக்கே வந்தார்கள். பெனிபிட் காசு, புது வேலைக்குப் பயிற்சி, நோய் வருத்தக்காரருக்கு என்ன சலுகை என்றெல்லாம் எழுதிய தாள் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. "கை கால் இருக்கிறவனுக்கு என்னத்துக்குப் பெனிபிட்? உழைச்சுத் தின்னத் தெரியாதே?" என்று எல்லாருக்கும் கேட்க விளாசினேன். பெனிபிட் எடுக்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஆகாது. கோயிலிலும் கலியாண வீட்டிலும் அவர்களை நக்கலடிக்காமல் நான் சோறு தின்றதில்லை.

இரண்டு மாதத்தில் நானே போய் அதே தாளைக் கேட்டு வாங்கினேன். வெட்கக்கேடு! தெரிந்தவர்கள் யாரும் கண்டால் ஏதோ உத்தியோக விசயமாகப் போகிறேன் என்று நினைக்கட்டும் என்று, கலியாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு ஜொப் சென்டருக்குப் போனேன்.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. இங்கிலீஸ் கொஞ்சம் ஓடுகிறவனை டொக்டரிடமும் கவுன்சிலுக்கும் கதைக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவனும் மாட்டேன் என்று சொல்லக்கூடாது. பாக்டரியில் எனக்கு எதிர்ப்பக்கம் துணியின் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெசினில் இருந்த பெண் ஒருவர் தன்னோடு ஜொப் சென்டருக்கு வரச் சொல்லி என்னைக் கேட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஒரு மகளோடு தனியாக இருக்கிறார். வருசக்கணக்காக அந்த மெசினில் இருந்து அவருடைய விரல்கள் கெட்டுப்போயிருந்தன.

"அண்ணை, விரல் எல்லாம் விறைக்குது. அரை மணித்தியாலத்துக்கு மேல ஒண்டையும் பிடிக்க ஏலாது. அதை வடிவா எடுத்துச் சொல்லுங்கோ" என்று பஸ்ஸிலேயே சொன்னார். அதைச் சொன்னால் அவருக்கு ஏற்ற இலேசான வேலை பார்ப்பார்கள், டொக்டரின் கடிதம் கேட்பார்கள், அதுவரை பெனிபிட் ஓடும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜொப் சென்டரில் எங்களுக்கு முன்னால் இருந்தது ஒரு வெள்ளைக்கார அதிகாரி. நல்ல மனிதர். "இவருக்கு உடம்பில் ஏதும் பிரச்சினை உண்டா?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அந்தத் தங்கச்சி இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, கோப்பை கைநழுவி விழுகிறது, சட்டைப் பொத்தான் போட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று ஒன்றும் விடாமல் சொன்னார். எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது. ஒரு வெள்ளைக்காரன் முன்னால் எங்கள் சனம் இப்படிக் கையை விரித்துக் காட்டுவதா என்று ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு பிரச்சினையும் இல்லை. எந்த வேலை தந்தாலும் செய்வார்" என்று இங்கிலீசில் சொன்னேன்.

அதிகாரி சந்தோசப்பட்டு, இப்படிப்பட்ட மனமுள்ளவர்கள் குறைவு என்று சொல்லிக்கொண்டே கொம்பியூட்டரில் பதிந்தார். அந்தப் பாராட்டு எனக்கே கிடைத்த மாதிரி நான் நிமிர்ந்து இருந்தேன். அதிகாரி சிரித்ததைப் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் அந்தத் தங்கச்சி, "நல்லாச் சொன்னீங்கள் அண்ணை" என்றார். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

கொஞ்ச நாளில் அவரை மரக்கறி பொதி பண்ணுகிற குளிர் அறை ஒன்றுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். நாலு நாள் போனார். ஐந்தாம் நாள் தட்டைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டுவிட்டு வந்தவர், திரும்பிப் போகவில்லை. கிடைத்த வேலையை விட்டார் என்று பெனிபிட்டை வெட்டிவிட்டார்கள். அவர் எனக்குப் போன் பண்ணி, "அண்ணை, நீங்கள் அவ்வளவு சொல்லியும் அவை கேக்கேல்லை பாருங்கோ. இன்னொருக்கா வந்து கதைப்பியளே?" என்று அழுதார். நான் என்ன பிறவி! அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வாறன்" என்று மட்டும் சொன்னேன்.

இந்த முறை அதே அதிகாரி என்னைக் கதைக்க விடவில்லை. பெனிபிட் வெட்டியதைப் பற்றிய முறைப்பாடு என்றால் தங்களுடைய மொழிபெயர்ப்பாளர்தான் கதைக்க வேண்டுமாம். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். தூரத்தில் எங்கேயோ இருந்து ஒரு தமிழ்ப் பெண்ணின் குரல் வந்தது. தங்கச்சி தன் விரல்களைப் பற்றி முதலிலிருந்து சொன்னார். அதிகாரி கொம்பியூட்டரில் பழைய பதிவை வாசித்து இங்கிலீசில் ஒரு கேள்வி கேட்டார். எனக்கு விளங்கிவிட்டது.

"அம்மா, போன முறை உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, எந்த வேலையும் செய்வன் எண்டு சொன்னனீங்கள் எண்டு பதிஞ்சு வைச்சிருக்கினம். அப்ப ஏன் சொல்லேல்லை எண்டு கேக்கினம்" என்றது போன்.

தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். என் கோட்டையும் முகத்தையும் பார்த்துவிட்டு மெல்லத் திரும்பி, "ஓம், நான்தான் சொல்ல மறந்துபோனன்" என்றார்.

போன் அதை இங்கிலீசில் சொன்னது. அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்களும் அன்று இருந்தீர்கள்தானே. அப்படித்தானா நடந்தது?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.