ஐப்பசி மழையும் அக்காவின் தொழுவமும்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் ஒவ்வொருவருக்கும் அவரைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். உடன்பிறந்தவர் என்ற முறையில் நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று அக்கா மகள் கேட்டாள். என்னால் நாலு வார்த்தையோடு நிறுத்த முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது சிலமலையில். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கும் அவருக்கும் ஆறு வயது வித்தியாசம். பத்தாவது முடித்த கையோடு காட்டு வேலைக்கு வந்துவிட்டார். பத்தொன்பது வயதில், குரங்கணிக்கு மேலே கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருந்த மச்சானுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஜீப்பை விட்டு இறங்கிக் கால்மணி நேரம் ஏறினால்தான் வீடு வரும். கல்யாணத்துக்கு வந்த எங்கள் பெரியப்பா மூச்சு வாங்க உட்கார்ந்து, பெண்ணை இவ்வளவு உயரத்தில் கொடுத்தால் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வரக்கூட முடியாதே என்று கேலி செய்தார். அக்கா கடைசி வரை அப்படி வந்ததே இல்லை.

முதல் ஐப்பசியிலேயே அடி வாங்கினார். சிலமலையில் ஆட்டை வேப்ப மரத்தடியில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம். அதே பழக்கத்தில், கல்யாணச் சீராக வந்த இரண்டு ஆடுகளையும் பலா மரத்தடியில் கட்டியிருக்கிறார். ஒரு வாரம் விடாமல் பெய்த சாரலில் இரண்டும் சளி பிடித்துச் செத்துப்போயின. மாமியார் ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் என்று அக்கா பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு எல்லா வருடமும் புரட்டாசி பாதியிலேயே ஆயத்தம் தொடங்கிவிடும். ஆடி மாதத்தில் காற்று மேற்கே கேரளப் பக்கமிருந்து வரும். ஐப்பசி மழை கிழக்கே இருந்து சாய்ந்து அடிக்கும். அதனால் தொழுவத்தின் மேற்குப் பக்கம் கட்டியிருக்கும் சாக்குகளை அவிழ்த்துக் கிழக்குப் பக்கம் கட்ட வேண்டும். கூரைக்குக் கீழே ஒரு முழம் திறப்பு விட வேண்டும். தகரத்தின் மேல் கல் ஏற்ற வேண்டும். ஆடுகள் படுக்கும் மரப் பரணில் உளுத்த சட்டங்களை மாற்ற வேண்டும். மாடு படுக்கும் இடத்தில் காய்ந்த சருகைக் கணுக்கால் உயரத்துக்குப் பரப்புவார். வைக்கோல் மட்டும் ஊரிலிருந்து ஒரு லோடு நான் ஏற்றி அனுப்புவேன். மார்கழிப் பனியில் மாடுகள் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று, தனக்குக் காப்பி போடுவதற்கு முன்னால் அவற்றுக்கு வெந்நீர் வைப்பார். மச்சான் தவறிய பிறகு கீழே வந்துவிடச் சொல்லி எல்லோரும் கூப்பிட்டோம். பால் கறக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அன்றைக்கே ஜீப்பு ஏறிவிடுவார்.

ஐந்தாறு வருடங்களாக அக்காவுக்கு மூச்சிளைப்பு இருந்தது. போன வருடம் புரட்டாசியில் கூடுதலானது. மழையில் நனையவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா எனக்குப் போன் செய்து, இந்த வருசம் சாக்கு மாற்றிக் கட்டவும் பரணைப் பார்க்கவும் ரெண்டு நாள் வந்து போ என்றார். அவர் என்னிடம் உதவி என்று கேட்டது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். போடியில் நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையில் அப்போது சீசன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

நாலாவது வாரம் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பெரிய நீலத் தார்ப்பாய் ஒன்று வாங்கி ஜீப்பில் ஏற்றி அனுப்பினேன். ஜீப்பு ஓட்டும் தம்பியிடம், தொழுவத்தை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிவிடு என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டு, இனி பொட்டுக் காற்றுகூட உள்ளே போகாது என்று பெருமையடித்தேன்.

"காத்துப் போகணும்ல அப்பு" என்றார் அக்கா.

வந்து பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. மூடிய தொழுவத்துக்குள் மாடுகளின் மூச்சும் மூத்திர ஆவியும் தார்ப்பாயில் முட்டி உள்ளேயே சொட்டியிருக்கின்றன. சருகு முழுக்க நசநசத்துவிட்டது. நாலாம் நாள் காலையில் செவலைப் பசுவின் கன்று இருமத் தொடங்கியதும் அக்கா மழைக்குள் இறங்கிவிட்டார். நனைந்த நைலான் கயிற்றின் முடிச்சு அவிழவில்லை. அரிவாளால் அறுத்துத் தார்ப்பாயைப் பிரித்து, கிழக்குப் பக்கம் சாக்கு கட்டியிருக்கிறார். மத்தியானம் வரை நனைந்திருக்கிறார். அதிலிருந்து மூன்றாம் நாள் அவரைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நெஞ்சு முழுக்கச் சளி கட்டியிருந்தது.

நான் போய்க் கட்டில் ஓரத்தில் நின்றேன். அக்காவே பேசினார்.

"நல்ல தார்ப்பாய்தான் அப்பு. வீணாக்கல. வெறகு மேல போட்டிருக்கேன்."

என்னிடம் அவர் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான். இரண்டு நாளில் போய்விட்டார். என் மனம் நோகக் கூடாது என்றுதான் அதைச் சொன்னார். அந்தச் சொல்லைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

அக்காவின் கடைசி நாட்களில் துணை நின்றவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. மழையில் ஓடிவந்து, அக்கா கையிலிருந்து அரிவாளை வாங்கி மீதிக் கயிற்றை அறுத்தவர் அடுத்த தோட்டத்து மதினி. மாடுகளையும் ஆடுகளையும் இன்று வரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கன்று பிழைத்துவிட்டது. அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வழுக்குப் பாதையில் இறங்கிய குரங்கணிப் பிள்ளைகளுக்கும் நன்றி. தார்ப்பாயை அனுப்பியது யார் என்று தெரிந்தும் ஒருவரிடமும் மூச்சுவிடாத ஜீப்புக்காரத் தம்பிக்கு, நன்றியோடு ஒரு சொல்: இனி நீ மறைக்க வேண்டியதில்லை.

துஷ்டி வீட்டிலும் பதினாறாம் நாளிலும் உறவினர்களாகிய நீங்கள் பலரும், மாட்டுக்காகப் பிடிவாதம் பிடித்து உயிரை விட்டுவிட்டார் என்று பேசினீர்கள். அக்கா மகளும் அதைத்தான் நம்புகிறாள். அம்மாவுக்கு என்னைவிட மாடு பெரிதாகிவிட்டது என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன். ஒரு வருடமாகச் சும்மாவே இருந்தேன்.

பாப்பா, உன் அம்மா பிடிவாதக்காரி இல்லை. நனையக் கூடாது என்று பயந்துதான் என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. அன்று மழையில் நின்று அவர் செய்தது என் வேலை.