கடுப்பு எனக்கு, கஷாயம் அவருக்கு

நீர்க்கடுப்பு வந்தவளுக்குத்தான் தெரியும் அது என்ன சனியன் என்று. சொட்டுச் சொட்டாகப் போகும். மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்தது போல எரியும். முடித்து எழுந்தால் மறுபடி முட்டும். ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து எனக்கு அது ஓயாமல் வந்தது.

ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் பெண்கள் விடியுமுன் ஒரு தடவை, இருட்டிய பின் ஒரு தடவை கள்ளிவேலிப் பக்கம் ஒதுங்கலாம். நடுவில் முட்டினால் அடக்க வேண்டும். அடக்க முடியாதவள் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் கண்ட சுவரெல்லாம் சொந்தம். மாமியாரைக் கேட்டால் எல்லாம் உடல்சூடு என்பார். என் தலையில் விளக்கெண்ணெயைக் கொட்டுவார். எரிகிற இடம் எங்கே, எண்ணெய் வைக்கிற இடம் எங்கே!

ஒரு ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு வண்டி கட்டினோம். வத்திராயிருப்பில் கட்டிக்கொடுத்த என் அக்காவை வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பார்ப்பேன். அன்றைக்கென்று கடுப்பு ஆரம்பித்தது. மாமியாரிடம் சொன்னால் என்னை வீட்டில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதனால் வீட்டுக்காரரிடம் மட்டும் காதோடு சொன்னேன், போகிற வழியில் வைத்தியரிடம் மருந்து வாங்கச் சொல்லி.

வைத்தியர் வாசலில் வண்டி நின்றது. கூண்டுக்குள் நானும் மாமியாரும். பேச்சு எல்லாம் கேட்டது.

"யாருக்குலே நீர்க்கடுப்பு?" என்றார் வைத்தியர்.

அங்கே நாலு ஆம்பிளைகள் நின்றார்கள். பெண்டாட்டிக்கு என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. "எனக்குத்தான்" என்றார்.

"அப்ப இந்தா, நெருஞ்சிமுள் கஷாயம். குடி."

"வீட்டுல போயிக் குடிக்கேன்."

"கொண்டு போயிக் கீழ ஊத்துவ. குடிலே! மேல ஒரு செம்பு தண்ணி. இன்னொரு செம்பு. முட்டுனா அடக்காத. அடக்குனேன்னா திரும்பத் திரும்ப வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். மடக் மடக்கென்று குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்து முன்னால் ஏறினார்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "எம்புள்ளைக்கா கடுப்பு? ஏட்டி, அவனுக்கு என்னத்தப் பொங்கிப் போட்ட?"

எனக்குக் கடிக்கலாம் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

ஊர் எல்லை தாண்டவில்லை, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஒரு பனைமரம். செத்த நேரத்தில் ஒரு வேப்பமரம். அடுத்த தடவை அவர் இறங்கியதும் நானும் குதித்தேன்.

"ஏட்டி! பட்டப்பகல்ல எங்க எறங்குத?"

"ஒங்க மகனுக்குக் கெழக்கால ஒரு மரம். எனக்கு மேக்கால ஒரு செடி" என்று ஆவாரஞ்செடிக்குப் பின்னால் போனேன். எரிந்தது, ஆனால் போனது.

திரும்பி வந்தபோது மாமியார் வண்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "செத்த கையப் புடி" என்றார்.

"ஒங்களுக்குமா அத்தை? எம்புட்டு நாளா?"

"வாய மூடுட்டி. செடி எங்க?"

மம்சாபுரத்துக்குப் பாதை பிரிகிற விலக்குக்குப் பக்கத்துக் கிணற்றில் நாங்கள் இரண்டு பேரும் வயிறு முட்டக் குடித்தோம். அப்புறம் வண்டி நிற்காத இடமில்லை. வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்: "தேரே நம்மள முந்தி நெலைக்கு வந்துரும் போல!"

அன்றோடு கடுப்பு ஓடிப்போனது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்னும் சில நாள் எரிந்தது. பிறகு கொல்லையில் மறைவுக்கு ஓலைத்தட்டி கட்ட வைத்தோம். முட்டினால் போவதும் தாகமெடுத்தால் குடிப்பதும் பழகிய பிறகு அது எப்போதாவதுதான் வந்தது. தட்டி கட்டியதற்குத் தெருவே ஏசியது. ஏசட்டும், எரிந்தது அவர்களுக்கா?

அன்றைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, நல்ல வேளை, தேர் இன்னும் தெற்கு வீதியில்தான் கிடந்தது. அக்கா என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள். முகமெல்லாம் வேர்வை. நலம் விசாரிப்பாள் என்று பார்த்தால் என் காதில், "ஏட்டி, ராத்திரியிலேர்ந்து அடக்கிட்டு நிக்கேன். இங்க எங்க போறது?" என்றாள்.

ஒரு இடிந்த சுவருக்குப் பின்னால் கூட்டிப்போனேன். மாமியார் முந்தானையை விரித்து வாசல் மாதிரி நின்றுகொண்டு, வருகிற ஆம்பிளைகளை எல்லாம் விரட்டினார்: "ஏலே, தேரு அங்குட்டு இருக்கு. அங்குட்டுப் பாரு!"