கமர் ஜஹான் தேய்த்த மிஸ்ஸி

என் அக்கா கமர் ஜஹானின் கடைசி நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. அவள் வாயின் நாற்றத்தால் அல்ல. அதை அப்படி ஆக்கியவர்களை நினைத்துத்தான்.

தேனாம்பேட்டையில் எங்கள் தெருவில் சரிகை தைக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கும். நூலைப் பல்லால்தான் கடிப்பாள். கடித்துக்கொண்டே பேசுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் அவள் கழுத்தில் நெறி கட்டியது. கரையாமல் எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்தது. மயிலாப்பூர் டாக்டர் சுந்தரராமன், சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த புற்றுநோய் ஊசியைப் போட்டுப் பார்க்கச் சம்மதித்தார்.

"இந்த மருந்து வாயைப் புண்ணாக்கும்மா. சொத்தைப் பல், வெத்தலை, புகையிலை, பட்டினி, இதெல்லாம் இருந்தா இன்னும் மோசமாகும். வாய் ஆறாம அடுத்த ஊசி போட மாட்டேன். ஊசி நின்னா கட்டி வளர்ந்துடும்" என்றார்.

அக்கா சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். வெற்றிலைப் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டாள். கஞ்சியை ஆறவைத்துக் குடித்தாள். முதல் ஊசிக்கே கட்டி சுருங்கியது. ஆனால் வாய் வெந்துபோய், துப்பினால் ரத்தம் வந்தது.

ஒரு காலையில் போனபோது, புண்ணின் மேலேயே மிஸ்ஸி தேய்த்துக்கொண்டு கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தாள். மிஸ்ஸி என்பது எங்கள் பெண்கள் பல்லிலும் ஈறிலும் தேய்க்கும் கறுப்புப் பொடி. இரும்புத்தூளும், புண்ணை அரிக்கும் மயில்துத்தமும் கலந்தது. புருஷன் இருக்கிறவள் தேய்ப்பாள், விதவை தேய்க்க மாட்டாள். டாக்டர் அந்தக் கறுப்பை வெற்றிலைக் கறை என்று நினைத்துவிட்டார். ஆண்பிள்ளையிடம் இதையெல்லாம் யார் விளக்குவது?

டப்பாவைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன். அக்கா கோபிக்கவில்லை. வாய் ஆறத் தொடங்கியது. டாக்டர் அடுத்த ஊசிக்கு நாள் குறித்தார்.

அதற்குள் அக்கா புருஷன், மச்சான் அப்துல் கய்யூமுக்குக் காய்ச்சல் வந்தது. அவர் அம்மா ஜைதூன் பீயின் கண் அக்காவின் பல் மேல் விழுந்தது.

"வாயை வெள்ளையா வச்சிக்கினு கீறியே, என் புள்ளைய இன்னா பண்ணப் பாக்குறே?"

போர்வைக்குள்ளிருந்து மச்சான் முனகினார்: "கொஞ்சமா வச்சிக்கோயேன் கமர். எனக்குப் பயமா கீது."

பயமாம். கழுத்தில் கட்டியோடு நிற்கிறவளிடம் ஒரு சளிக்காய்ச்சல்காரர் சொல்கிறார். சீ, என்ன மனிதர்.

புது டப்பா வந்தது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் அக்காவையும் பிடித்துக்கொண்டது, தேய்த்தாள். ஊசி நாளன்று டாக்டர் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, மருந்தை எடுத்து உள்ளே வைத்தார். அதன் பிறகு வாய் ஆறவே இல்லை. கட்டி மட்டும் வளர்ந்தது.

மழைக்காலத்தில் போய்விட்டாள். துக்கத்துக்கு வந்த பெண்கள், புருஷனுக்கு முன்னால் போகக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். மச்சானும் ஆமாம் என்று தலையாட்டினார். காய்ச்சல் விட்டு உடம்பு தேறி, கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருந்தது அவருக்கு.