படகுக்கு ஒரு நாற்காலி

உத்தமபாளையத்தில் பள்ளிக்கூடப் பை தைக்கிற கடையொன்றில் ஜெயமேரிக்கு வேலை. பையை மற்றவர்கள் தைப்பார்கள். தோளில் மாட்டும் வாரைத் தைப்பது அவள் பொறுப்பு. பை திரும்பி வருவதெல்லாம் வார் அறுந்துதான் என்பது கடைக்காரப் பாய்க்குத் தெரியும். அவள் கை பட்ட வார் அப்படித் திரும்பி வந்ததில்லை. ராயப்பன்பட்டியில் காலையில் பஸ் ஏறினால் பொழுது இறங்கும்போது வீட்டுக்கு வந்துவிடுவாள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. மெஷின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

அவள் புருஷன் அமிர்தராஜ் ஊர்க் கண்மாயில் மீன் பிடிப்பவர். தை மாதத்தில் ஒருநாள் பல் விளக்கிவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாக வழிந்தது. துப்ப வரவில்லை. அன்றோடு இடது கையும் இடது காலும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. தேனியில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்தார். கஞ்சி கொடுத்தால் குடித்தார், கொடுக்காவிட்டால் கேட்கவில்லை. கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் மகள் அனிதா மேரி போனில் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டால் போனைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

ஈஸ்டர் கழிந்த வாரம் அவர் வாயிலிருந்து முதல் முழுப் பேச்சு வந்தது.

"கண்மாய்க்குப் போகணும்."

ஜெயமேரி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். "கரைக்கா? ஆட்டோ சொல்றேன், போவோம்."

"கரைக்கில்ல. போட்டுல."

அவரோடு கூட்டாக மீன் பிடித்த வீரபாண்டியிடம் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார். "மதினி, அண்ணனத் தூக்கிட்டுப் போயி போட்டுல வச்சிருவேன், அது பெரிசில்ல. பலகையில எப்படி ஒக்காருவாக? முதுகுக்குச் சாய என்ன இருக்கு? இடது பக்கமாவே சரிவாகளே." பிறகு அவரே வழியும் சொன்னார். "ஒரு பிளாஸ்டிக் நாற்காலிய காலக் கழிச்சு, நடுப்பலகை மேல வச்சு நாலு போல்ட் முறுக்கிட்டா தீந்துச்சு. டிரில் மெஷின் நான் கொண்டாரேன்."

உள்ளேயிருந்து அமிர்தராஜ் குரல் கொடுத்தார். பேச்சு குழறினாலும் அந்தச் சொற்கள் மட்டும் தெளிவாக விழுந்தன.

"என் போட்டுல துளை விழக்கூடாது."

வீரபாண்டி சரியென்று தலையை ஆட்டினார். காரணம் அவருக்கும் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறொரு படகு இருந்தது. ஃபைபர் படகுதான். நடுவில் உட்காரும் பலகை உண்மையில் பலகை அல்ல. நாலு பக்கமும் அடைத்த காற்றுப் பெட்டி. படகுக்குள் தண்ணீர் ஏறினாலும் முங்கவிடாமல் பிடித்துக்கொள்வது அந்தப் பெட்டிதான். மூத்தவன் சகாய பிரவீன் ராத்திரி வலைக்கு லைட்டு வேண்டுமென்று அதன் மேல் ஒரு ஸ்டாண்டைத் திருகாணி போட்டு முறுக்கினான். டிரில் மெஷினைப் பக்கத்துத் தெருவில் இரவல் வாங்கிக் கொடுத்தவள் ஜெயமேரி. திருகாணி போன வழியே தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. படகு கனத்தது எல்லோருக்கும் தெரிந்தது. மரப் படகு ஊறிக் கனப்பதைப் பார்த்துப் பழகியவர்கள். "புதுப் போட்டு, தண்ணி குடிச்சு நல்லா ஒக்காந்துருச்சு" என்று அமிர்தராஜே சொன்னார். ஃபைபர் ஊறாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆடிக் காற்றில் ஒரு அலை விளிம்பு தாண்டி உள்ளே விழுந்தது. மிதந்திருக்க வேண்டிய படகு நேரே கீழே போனது. வலைக் கயிறு பையனின் காலில் சுற்றியிருந்தது. படகைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்தபோது அந்தத் துளைகளின் வழியாக நூல் நூலாகத் தண்ணீர் வடிந்ததை அமிர்தராஜ் உட்கார்ந்து பார்த்தார். பொழுது இறங்கும்வரை வடிந்தது.

பிறகு மீனவர் சங்கத்தின் மூலம் இந்தப் படகு வந்தது. இதில் எதை வைப்பதானாலும் அவர் கட்டித்தான் வைப்பார். பேட்டரிப் பெட்டிக்கு சைக்கிள் ட்யூப், லைட்டுக் கம்புக்கு நைலான் கயிறு. ஜெயமேரி கடையில் மிஞ்சிய பெல்ட்டில் வார் தைத்துக் கொடுக்க ஆரம்பித்ததும் அப்போதுதான். ஒன்று படகின் அடிவயிற்றைச் சுற்றி வந்து மேலே கிளிப்பில் மாட்டும். கண்மாயில் மற்றவர்களுக்கு அது சிரிப்பாக இருந்தது.

"என்ன அமிர்தண்ணே, போட்டுக்கு அரைஞாண் கட்டிருக்க! மொட்டையும் போட்டுக் காதும் குத்திர வேண்டியதுதான?"

"காது குத்துனா துளை விழுமேடா" என்பார் அமிர்தராஜ், சிரிக்காமல்.

இப்போது நாற்காலி. ஜெயமேரி வீட்டிலிருந்த நீல நாற்காலியின் கால்களை நாலு விரல் உயரம் விட்டு அறுக்கும்படி வீரபாண்டியிடம் சொன்னாள். பிறகு உத்தமபாளையத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கார்த்திக்ராஜிடம் போய் நின்றாள்.

"துளை போடாம நிக்கணுமா? பசை இருக்குக்கா. கொச்சிப் பக்கம் போட்டுக்கெல்லாம் இதான் போடுறாக. அடியில பசை வச்ச இந்தப் பட்டையப் பலகையில ஒட்டி, ஒருநாள் காய விட்டுட்டு, மேல இருக்கிற வளையத்துல நாற்காலிக் கால மாட்டுங்க. யானை இழுத்தாலும் வராது."

"யானை இழுக்காது தம்பி. எங்க வீட்டு ஆளு சாய்வாக."

அவன் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பட்டைகளைத் தாளில் சுற்றிக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கண்மாய்க்குப் போனாள். கவிழ்த்து வைத்திருந்த படகை வீரபாண்டி நிமிர்த்திக் கொடுத்தார். நடுப்பலகையைத் துணியால் நன்றாகத் துடைத்து, நாற்காலியின் நாலு கால்களுக்கும் இடம் குறித்து, பட்டைகளை ஒட்டினாள். மறுநாள் சாயங்காலம் நாற்காலியை மாட்டி வீரபாண்டி இடது பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளினார். பெரிய தள்ளுகூட இல்லை. நாலு பட்டையும் தோல் உரிவதுபோல உரிந்து வந்தன.

"யானையில்ல, ஆட்டுக்குட்டி கூட வேணாம் போல" என்றார் வீரபாண்டி.

ஜெயமேரி ஒரு பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பசையின் மேல் வெள்ளையாக, வழவழப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். மெழுகு.

கல்லறைத் திருநாள் அன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். பூ, சாம்பிராணி, குழிக்குக் குழி மெழுகுவத்தி. பிரவீன் குழியில் ஏற்றியது போக மீதியை அமிர்தராஜ் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்கோ போவார். எங்கே என்று அவள் கேட்டதில்லை. அந்தக் குழியில் அவருக்கு மனசு நிற்பதில்லை என்பது தெரியும். பையன் இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறான் என்பதுபோலப் பேசுவார். இந்தப் பலகையில் ஏற்றி, எரிந்து முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கத்தியால் சுரண்டிவிட்டு வந்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாமல் ஃபைபரின் சொரசொரப்பில் அது இறங்கி நிற்கிறது. வருஷம் வருஷமாக.

கார்த்திக்ராஜுக்குப் போன் போட்டாள்.

"மெழுகு பட்ட எடத்துல எதுவும் ஒட்டாதுக்கா. தின்னர் ஊத்தி, எமரித் தாள் போட்டு அடியோட தேச்சு எடுத்துருங்க. அப்புறம் ஒட்டுங்க, கேரண்டி."

தின்னரும் வாங்கினாள், எமரியும் வாங்கினாள். கண்மாய்க் கரையில் எமரித் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"பசை சரியில்லங்க" என்றாள் புருஷனிடம்.

அமிர்தராஜ் நல்ல கையை நீட்டினார். பட்டையைக் கொடுத்தாள். கட்டைவிரலால் தடவினார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்புறம் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"தேச்சியா?"

"இல்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, "வாராவே தச்சிரு" என்றார்.

பாயிடம் சொல்லிவிட்டு, வேலை முடிந்த பிறகு கடை மெஷினிலேயே தைத்தாள். பைக்குப் போடுகிற பெல்ட் போதாது. லாரியில் சரக்குக் கட்டுகிற அகல பெல்ட் வேண்டும். ஊசி இரண்டு தரம் உடைந்தது. படகின் வயிற்றைச் சுற்றி வருகிற மாதிரி இரண்டு, நாற்காலியின் கால்களுக்குள் புகுந்து விளிம்புக்கு வருகிற மாதிரி இரண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே கையால் கழற்றக்கூடிய கிளிப். வீரபாண்டி நாற்காலியில் உட்கார்ந்து ஆடினார், குதித்தார், இரண்டு பக்கமும் சரிந்து விழப்பார்த்தார். படகு ஆடியது, நாற்காலி படகோடு சேர்ந்து ஆடியது, தனியாக அசையவில்லை.

"மதினி, இத விட்டா அண்ணன் கண்மாயிலயே குடியிருப்பாக."

அனிதா மேரி போனில் அழுதாள். "ஏம்மா, அண்ணன் ஒருத்தன் போதாதா? அப்பாவையும் தண்ணியில கொண்டு போயி வைக்கணுமா?"

"வீட்டுல சுவரையே பாத்துட்டுக் கெடக்காகடி" என்றாள் ஜெயமேரி. "நீ வந்து பாத்தா தெரியும்."

காற்று எழும்பாத விடியற்காலை. வீரபாண்டி அமிர்தராஜைத் தோளில் சுமந்துபோய் நாற்காலியில் வைத்தார். ஜெயமேரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். பிரவீன் போனபிறகு அவள் படகில் கால் வைப்பது அன்றுதான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

கரை விலகியதும் அமிர்தராஜின் உடம்பு மெல்ல இடப்பக்கம் இறங்கியது. ஜெயமேரி நிமிர்த்தினாள். மறுபடி இறங்கியது.

"என்னையும் கட்டு" என்றார்.

"மாட்டேன்."

"கிளிப்பு இருக்குல்ல."

"நாற்காலியப் போட்டோட கட்டுனேன். ஒங்கள நாற்காலியோட கட்ட மாட்டேன். போட்டு கவுந்தா?"

"கவுராது."

"அன்னைக்கும் அப்படித்தான் நெனச்சோம்."

வீரபாண்டி துடுப்பை நிறுத்தினார். ஜெயமேரி எழுந்து, அவருக்கு இடப்பக்கம் பலகையின் ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்து, தன் இறங்கிய தோளை அவர் அக்குளுக்குக் கீழே கொடுத்தாள். "போங்க தம்பி" என்றாள்.

வலை போட்டிருந்த இடத்துக்கு வந்தார்கள். வீரபாண்டி மிதவைக் கயிற்றை எடுத்து அமிர்தராஜின் வலது கையில் கொடுத்தார். அவருடைய பழக்கம் அது: கயிற்றை ஒருதரம் தூக்கிப் பார்த்து, சிக்கியிருப்பது கட்லா மீனா ஜிலேபி மீனா என்று இழுக்கும் முன்னாலேயே சொல்வார். இப்போதும் தூக்கினார். முகத்தில் ஏதோ வந்தது. ஜெயமேரி தை மாதத்துக்குப் பிறகு பார்க்காத ஏதோ ஒன்று.

"கட்லா" என்றார்.

இழுத்தார். ஒரு கை இழுக்க மறு கை பிடிக்க வேண்டிய வேலை. பிடிக்க வேண்டிய கை மடியில் கிடந்தது. கயிறு நழுவியது. விடாமல் எட்டிப் பிடிக்கப் போனவர் மொத்தமாக ஜெயமேரியின் மேல் விழுந்தார். படகு ஒருபக்கம் சாய்ந்தது. விளிம்போடு தண்ணீர் வந்து நின்றது. வீரபாண்டி மறுபக்கம் பாய்ந்து உட்கார்ந்தார். அவள் இரண்டு கையாலும் புருஷனைக் கட்டிக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்றாள். படகு நிமிர்ந்தது.

அமிர்தராஜ் மறுபடி கையை நீட்டினார். கயிறு கிடைத்தது. மறுபடி இழுத்தார். மறுபடி நழுவியது. மூன்றாவது தரம் நீட்டவில்லை.

வீரபாண்டி கயிற்றைத் தன் கைக்கு மாற்றி வலையைத் தூக்கினார். கட்லாதான். நல்ல எடை.

"அண்ணன் வாக்கு தப்புமா?" என்றார் உரக்க. மீனைக் கூடைக்குள் போட்டார்.

"திருப்பு" என்றார் அமிர்தராஜ்.

கரைக்கு வரும்வரை நாற்காலியின் கைப்பிடியை வலது கையால் அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கரை தட்டியதும் சொன்னார்.

"நாற்காலி அசையல."

"ம்."

"வாரும் அசையல. நல்லாத் தச்சிருக்க."

"ம்."

"நாந்தான் நிக்கல."

அவள் தன் முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

அதன்பிறகு அவர் கண்மாயைப் பற்றிக் கேட்கவில்லை. ஜெயமேரி ஒருநாள் போய் வார்களைக் கழற்றினாள். பலகையைக் கையால் தடவிப் பார்த்தாள். நாற்காலி இருந்த இடம் எது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு கீறல் இல்லை. மெழுகின் வழவழப்பு மட்டும் விரலில் பட்டது.

படகு வீரபாண்டியிடம் இருக்கிறது. மோட்டார் ஒன்று கிடைத்திருக்கிறது என்று வீட்டுக்கு வந்து நின்றார். மோட்டாருக்குத் துளை வேண்டாம், பின்பக்க விளிம்பைக் கவ்விக்கொள்ளும். பெட்ரோல் கேன் உருளாமல் நிற்கத்தான் ஏதாவது வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் செருப்பைப் பார்த்தார். அமிர்தராஜ் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி ஜெயமேரியைப் பார்த்தார்.

"அளவு எடுத்துட்டு வாங்க, தச்சுத் தாரேன்" என்றாள் அவள். அமிர்தராஜின் முகம் சுவருக்குத் திரும்பியது.

நாற்காலிதான் வீட்டில் எதற்கும் உதவாமல் போயிற்று. நாலு விரல் உயரத்தில் அவரை உட்கார வைத்தால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். வந்தவர்கள் யாரும் உட்கார மாட்டார்கள். கொல்லையில் மழையில் நனைந்து கிடந்தது. ஒருநாள் ஜெயமேரி அதைக் குழாயடிக்கு இழுத்துப்போட்டு, உட்கார்ந்து பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். பிளாஸ்டிக் தரையில் உரசுகிற சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும்.

"அதத் தூக்கிப் போட்ரு" என்றார் அமிர்தராஜ்.

"எதுக்கு? பாத்திரம் வெளக்க ஒசரம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கஞ்சிச் சட்டியை எடுத்துச் சாம்பலைத் தொட்டாள்.