எறும்புக் கடி என்றார்கள்

என் மூக்கின் இடது பக்கத்தில் கடுகளவுத் தழும்பு ஒன்று இருக்கிறது. பருவா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

கல்யாணம் நிச்சயமானபோது எனக்கு இருபத்தேழு வயது. ஹெப்பகோடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை வீடு லிங்கராஜபுரம். தட்டு மாற்றிய கையோடு அவருடைய அம்மா ஒரே ஓர் ஆசையைச் சொன்னார். அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் மூக்குத்தி போட்டவர்கள், மருமகளும் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கும் மூக்குத்தி பிடிக்கும்தான். சரி என்றேன். அந்த ஒரு சரியை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு என் மூக்குக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

வலிக்குமா என்று கேட்டேன். எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டில் அம்மா, பெரியம்மா, மாடி வீட்டு அக்கா, யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: எறும்பு கடித்த மாதிரி இருக்கும். மூன்று பேரும் மூக்குக் குத்திக்கொண்டவர்கள். ஒருத்திகூட மாற்றிச் சொல்லவில்லை. எந்த ஊர் எறும்பு என்று நானாவது கேட்டிருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை அம்மா என்னை நகைக்கடைக்கு அழைத்துப்போனாள். எந்தப் பக்கம் என்று குத்துகிறவர் கேட்டதும், என் வருங்கால மாமியார் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த செல்ஃபியை எடுத்துக் காட்டினாள். "இதே மாதிரி, இதே பக்கம்." படத்தில் மூக்குத்தி இடது பக்கம் மின்னியது.

"ஏனூ ஆகல்ல மேடம், ஒண்ணும் ஆகாது, ஒரே செகண்டு" என்று அவர் சிரித்தார். அம்மா பின்னாலிருந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள். துப்பாக்கி போல ஒரு கருவி, டக்கென்றது. எறும்பாம்! மூக்கில் ஏறிய வலி கண்ணைக் கடந்து உச்சந்தலையில் போய் நின்றது. கத்திவிட்டேன். வளையல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "இவ்ளோ வயசாச்சு, இன்னும் சின்னக் கொழந்தையாட்டம்" என்று அம்மா அவர்களைச் சமாதானப்படுத்தினாள். அவர்களை! என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அடுத்த பத்து நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெரியம்மா மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அப்பினார். மூக்கு வீங்கிச் சீழ் பிடித்தது. காலையில் டி-ஷர்ட்டைத் தலைவழியாக மாட்டும்போது ஒரு முறை, ஸ்கூட்டருக்காக ஹெல்மெட் போடும்போது ஒரு முறை, சாயங்காலம் அதைக் கழற்றும்போது ஒரு முறை உயிர் போய்த் திரும்பியது. பொம்பளைக்கு இதெல்லாம் ஒரு வலியா என்று வீட்டில் கேட்டார்கள்.

பிறகு என்னைப் பார்க்க மாப்பிள்ளையின் அம்மா வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "ஐயோ, எடப்பக்கமா குத்துனீங்க? நமக்கு வலப்பக்கம் ஆச்சே!" என்று தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். ஆமாம், வலது பக்கம்தான். கண்ணாடியில் தெரிவதுபோல அந்த செல்ஃபியில் முகம் இடவலமாக மாறி விழுந்திருக்கிறது. படம் எடுத்தவர் அவர், காட்டியவள் அம்மா, நம்பிக் குத்தியவர் கடைக்காரர். மூன்று பேரும் சேர்ந்து செய்த தப்பைச் சுமப்பது என் மூக்கு. பேச்சுக்காவது ஒருவர் வருத்தப்பட்டிருக்க வேண்டாமா? இரண்டு அம்மாக்களும் காபி குடித்துக்கொண்டே, இதைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் குத்திவிடலாம் என்று முடிவு செய்தார்கள். சட்டைக்குப் பட்டனை மாற்றித் தைப்பது போல.

"குத்திக்கிறேன்" என்றேன் நான். "ஆனா நான் சொல்ற எடத்துல, நான் சரின்னு சொன்னப்புறம்தான். தலைய யாரும் பிடிக்கக் கூடாது. வலிக்காதுன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது."

"இதென்னடி பெரிய கண்டிஷன்" என்றாள் அம்மா. அவளுக்குப் புரியவில்லை. மூக்குத்தி எனக்கும் வேண்டியதுதான். அந்தப் பொய்தான் வேண்டாம்.

இடது பக்கம் ஆறிய பிறகு, இதற்கென்றே இருக்கும் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். கழுத்து வரைக்கும் பச்சை குத்திய ஒரு பெண். கையுறை மாட்டி, என் கண்ணெதிரே உறையைக் கிழித்து ஊசியைக் காட்டினாள். வலது மூக்கில் பேனாவால் புள்ளி வைத்து, கண்ணாடியை என் கையில் கொடுத்து, இங்கேதானே என்று கேட்டாள். என்னைக் கேட்டாள்.

"வலிக்கும் அக்கா. பொய் சொல்ல மாட்டேன். சுருக்குன்னு இருக்கும், அந்தப் பக்கம் கண்ணுல தண்ணி வரும், ரெண்டு மூச்சுல அடங்கிடும். மூச்ச நிதானமா வெளியே விடுங்க, அப்பதான் குத்துவேன். நிறுத்துன்னா நிறுத்திடுவேன்."

"ஏம்மா பயமுறுத்தறே? வலிக்காதுன்னு சொல்லேன்" என்றாள் அம்மா.

"அம்மா, நீ வெளிய போய் உக்காரு!"

அவள் போகவில்லை. வாயை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றாள். நான் படுத்துக்கொண்டு மூச்சை விட்டேன். சரி என்றேன்.

வலித்தது. அந்தப் பெண் சொன்னது போலவே சுருக்கென்று, அவள் சொன்னது போலவே வலது கண்ணில் மட்டும் தண்ணீர். இரண்டாவது மூச்சில் அடங்கத் தொடங்கியது. போன தடவையைவிடக் குறைவா என்றால் சொல்லத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரிந்திருந்ததால் கத்தத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இந்த நாலு வார்த்தையைச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருத்திக்குமா வாய் வரவில்லை என்று, படுத்த இடத்திலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்தப் பெண் டிஷ்யூவை எடுத்து என்னைத் தாண்டி நீட்டினாள். திரும்பிப் பார்த்தேன். அம்மா தன் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு ஒம்போது வயசு" என்றாள். "மூணு பேரு அமுக்கிப் பிடிச்சாங்க. வலிக்குதுன்னு கத்துனதுக்கு எங்கப்பா அறைஞ்சாரு."

அறுபது வயதில் முதல் தடவையாகச் சொல்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உப்புத் தண்ணீரால் மட்டும் துடைக்க வேண்டும், திருகக் கூடாது, மஞ்சளைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது என்று அந்தப் பெண் சொன்னதை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டோம்.

படியிறங்கும்போது அம்மாவின் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா. அம்மா எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டாள்.

"குத்தியாச்சா? ரொம்ப வலிச்சுதாமா?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சம்பந்தி. எறும்பு கடிச்ச மாதிரிதான்."

போனை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

"வலிச்சுது அத்தை" என்றேன். "ரெண்டு தடவையும் வலிச்சுது."