லாரியில் போன நாலு கோழிகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பிளாக் ஆபீசின் கிராம சேவிகாவாக வேலை பார்த்தேன். எம். புதுப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சிற்றூர் என் பொறுப்பில் இருந்தது. நான் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சரம்மாதான்.

அந்த ஊரின் கீழத்தெருவில் பதினாறு வீடுகள். காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் பட்டாசுக் கம்பெனிகளுக்கும் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கும் மாறியிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்களுக்கு வெள்ளைச் சீமைக்கோழிக் குஞ்சுகளை வாங்கிக் கொடுத்து, தடுப்பூசி போட வைத்து, தீபாவளி சீசனில் சிவகாசிச் சாப்பாட்டுக் கடைகளுக்கு விற்கலாம் என்று ஆசை காட்டியவள் நான். தீனியைத் தனித்தனியாக வாங்காமல் மொத்தமாக வாங்கி தெருவின் கடைசி வீட்டு அக்காவிடம் வைத்துப் பங்கிட்டுக் கொண்டார்கள். எலி கடிக்காமல் எதில் வைப்பது என்று கேட்டபோது, "கம்பெனியில் காலிச் சாக்கு கிடக்குமே, உள்ளே தார்த்தாள் ஒட்டியது, கெட்டியாக இருக்கும்" என்று சொன்னவளும் நான்தான். கடைசி வீட்டு அக்காவின் புருஷன் பட்டாசுக் கம்பெனியிலிருந்து ஒரு சாக்கைக் கொண்டுவந்தார். அந்த அக்கா அதை நன்றாக உதறித்தான் கம்பு நொய்யைக் கொட்டி வைத்தாள்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கோழிகள் விழத் தொடங்கின. முதலில் கால் துவண்டது, பிறகு இறக்கை தொங்கியது. எச்சில் ஒழுக ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தன. இரண்டு நாளில் பதினொரு கோழிகள் செத்தன. நான் சொல்லி அனுப்பி, விருதுநகரிலிருந்து கால்நடை டாக்டர் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார்.

அவர் முதலில் கழிச்சல் நோய் என்றுதான் நினைத்தார். கோழிகளை அறுத்துப் பார்த்துவிட்டு, தீனியைக் காட்டச் சொன்னார். சாக்கின் அடிமூலையில் ஈரம் கோத்த வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்திருந்த அக்காவின் புருஷன் அதை விரலால் நிமிண்டி எடுத்துப் பார்த்தார். அதை அடுப்பில் போட்டார். தீ ஒரு கணம் பச்சையாக எரிந்து அடங்கியது.

"பச்சை மத்தாப்புக்குப் போடுத உப்புங்கய்யா இது" என்றார். "சாதா வெடியுப்புச் சாக்கு, ஒண்ணும் செய்யாதுன்னு நெனைச்சுல்ல எடுத்தாந்தேன்."

டாக்டரின் முகம் மாறிவிட்டது. "பேரியம் உப்பு. மனுஷனுக்கும் விஷம். இந்தத் தெருவுக் கோழி ஒண்ணுகூட வெளியே போகக் கூடாது, முட்டையும்தான். நல்லா நிக்கிற கோழியும் இதைத் தின்னிருக்கு. ஒரு மாசம் போகட்டும், நானே வந்து பார்த்துச் சொல்றேன்." பிறகு கேட்டார்: "இந்தச் சாக்குல தீனியைக் கொட்டச் சொன்னது யாரு?"

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நாந்தாய்யா கொட்டுனேன்" என்றாள்.

பஞ்சாயத்துத் தலைவர் அன்று சாயங்காலமே தண்டோரா போடச் செய்தார். மறுநாள் சந்தை. விடிந்ததும் நான் தெருமுனையில் போய் நின்றேன். தண்டோராவைக் கேட்ட பிறகும் ஐந்தாறு பெண்கள் கூடையோடு வந்தார்கள். துணிக்குள்ளிருந்து வெள்ளைத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"நோவு வந்தது செத்துப்போச்சு. இது நல்லாத்தான நிக்கிது, பாருங்க" என்றாள் ஒருத்தி.

"வாங்குறவங்க வீட்டுலயும் பிள்ளைக இருக்கும்க்கா" என்றேன்.

அவர்களுக்கு என் மேல் கோபம் வரவில்லை. கடைசி வீட்டு அக்கா வெறுங்கையோடு வந்து ஓரமாக நின்றிருந்தாள். கோபமெல்லாம் அவள் மேல் திரும்பியது. "ஒம் வீட்டுச் சாக்காலதான எல்லாம் போச்சு? எம்புட்டு நாளா வளத்தோம்!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நான் சொல்லாததை அவளும் சொல்லாமல் நின்றதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"கம்பெனிச் சாக்குல வைக்கச் சொன்னது நான்" என்றேன். "அதுல என்ன இருந்துச்சுன்னு நான் கேக்கவே இல்ல. நேத்து டாக்டர்கிட்டயே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

ஒருத்தி கூடையை இறக்கி வைத்தாள். அப்புறம்தான் அந்த அக்கா என் பக்கத்தில் வந்தாள்.

"டீச்சரம்மா, வெள்ளனயே நாலு கோழிய லோடு லாரில குடுத்துவிட்டுட்டேன்" என்றாள். "நல்லாத்தான் நின்னுச்சு. பிள்ளைகளுக்குத் துணிமணி எடுக்கணும்னு... எந்தக் கடைக்குன்னு தெரியும்."

இருவரும் எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்தோம். வழி நெடுக அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே இருந்தாள். லோடு ஏற்றும் கொட்டகைகளுக்கு எதிரே இருந்தது அந்தச் சாப்பாட்டுக் கடை. பின்பக்கம் கூடைக்கு அடியில் மூன்று கோழிகள் இருந்தன.

"இன்னொண்ணு எங்கய்யா?" என்று அக்கா கேட்டாள்.

"காலையிலேயே கொழம்பு வச்சாச்சே. ரெண்டு லாரிக்காரங்க நல்லாச் சாப்பிட்டுட்டுப் போனாங்க" என்றார் கடைக்காரர்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் ஓடிப்போய் மிச்சக் குழம்பைச் சட்டியோடு எடுத்து வந்தார். கொல்லையில் குழி தோண்டி மூன்று பேருமாகப் புதைத்தோம். கொட்டகை கொட்டகையாகப் போய் விசாரித்தோம். சீசன் நேரம், அன்று காலையில் மட்டும் எத்தனையோ லாரிகள் புறப்பட்டுப் போயிருந்தன. சாப்பிட்டவர்களின் லாரி எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று கோழிகளை மடியில் வைத்துக்கொண்டு அக்கா திரும்பி வந்தாள்.

அந்த ஒரு மாதமும் தினம் காலையில் கீழத்தெருவுக்குப் போனேன். செத்த கோழிகளைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு போட்ட ஒரு குழி இருந்தது. பெண்கள் அன்றன்றைய முட்டைகளைக் கொண்டுவந்து அதில் உடைத்தார்கள். நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பிள்ளைகள் குழியைச் சுற்றி நின்று பார்த்தன. மஞ்சள் கரு சுண்ணாம்பின் மேல் பரவுவதைப் பார்த்துவிட்டு ஒரு தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள். முன்பே முட்டை தின்ற பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டினோம். ஒன்றுக்கும் ஆபத்தில்லை என்றார்கள்.

டாக்டர் மறுபடி வந்து சரி என்று சொன்னபோது தீபாவளி முடிந்திருந்தது. கோழிகளை வாங்க ஆளில்லை. பிளாக் ஆபீசுக்கு நான் எழுதிய அறிக்கையில் சாக்கு யோசனை என்னுடையது என்று எழுதினேன். அதை அடித்துவிடும்படி மேலதிகாரி சொன்னார். நான் அடிக்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரரைப் பார்த்தேன். லாரிக்காரர்கள் இருவரும் திரும்ப வந்தார்களா என்று கேட்டேன்.

"யாருன்னு எனக்கு மொகமே ஞாபகமில்லம்மா" என்றார். "வடக்க போற ஆளுங்க. வந்தாலும் வேற கடையில சாப்பிடுவாங்க. நீங்க இதையே நெனைச்சிட்டு இருக்காதீக."

அவர் என்னைத் தேற்றத்தான் சொன்னார். ஆனால் அந்த இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று என்பது எனக்குக் கடைசிவரை தெரியவே இல்லை.