எங்கள் வீட்டில் மறுமொழி நின்றுபோன நாட்கள்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் அந்திப் "பாங்கு" ஓய்ந்த கையோடு, கீழே நாசி கண்டார் சோற்றுக்கடையில் மீன் தலைக் கறி கொதிக்கும் வாசனை மரப்படியேறி எங்கள் மாடி வீட்டுக்குள் வரும். அந்த வாசனையை எங்கே நுகர்ந்தாலும் அப்பா தொண்டையைச் செருமும் சத்தம் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. அவர் செருமினால் செபமாலை தொடங்கப்போகிறது என்று பொருள். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வருவார். நானும் தம்பி பிரான்சிசும் மாதா படத்துக்கு முன்னால் பாயை விரித்து முழங்காலிடுவோம்.

அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் "கிராணி"யாக இருந்தார். நிபோங் திபால் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். கப்பலேறி வந்த அவருடைய தாத்தா தோட்டத்து லயத்து வீட்டில் சொன்ன அதே பழைய தமிழில்தான் எங்கள் வீட்டிலும் செபம் நடந்தது. "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று அப்பா முதல் பாதியைத் தொடங்குவார். "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று நாங்கள் மூவரும் மறுபாதியைச் சொல்வோம். பல சொற்களுக்கு எனக்குப் பொருள் தெரியாது. பிரான்சிசுக்கோ அவை வாயிலேயே நுழையாது. ஆனாலும் எங்கள் எல்லாரையும்விட உரக்கச் சொல்வான்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, தவக்காலம் தொடங்கிய வாரத்தில், அவன் கால்களில் அடிபடாமலே நீலத் திட்டுகள் தோன்றின. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் புற்று என்றார்கள். அப்பா வேலை முடிந்து நேராக அங்கே போவார். நாங்கள் அவன் கட்டிலைச் சுற்றி நின்று மெல்லிய குரலில் செபம் சொல்வோம். ஒருநாள் அவன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, நான் சாமிகிட்ட கேட்டுட்டேன். சரின்னு சொல்லிட்டாரு லா" என்றான். அப்பா சிரித்தார். அம்மா வெளியே போய் நடைவழிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். குருத்தோலை ஞாயிறு வருவதற்குள் பிரான்சிசை அடக்கம் செய்துவிட்டோம்.

அன்று மாலையும் பாங்கு ஓய்ந்தது. பழக்கத்தில் அப்பா செருமினார். அம்மா இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"சாமி சரின்னு சொன்னாருன்னு நம்பிக்கிட்டே போனான் என் பிள்ள. இனிமே இந்த வீட்டுல யாரும் அவருகிட்ட பேசக் கூடாது."

அப்பா கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் பாயில் உட்கார்ந்தபடியே அம்மாவைப் பார்த்து, "அவருகிட்டயும் பேசலன்னா நான் எங்க போயி அழுவேன், மேரி?" என்றார். அவ்வளவுதான். அம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அப்பா தனியாகச் செபித்தார். முதல் பாதியைச் சொல்லிவிட்டு, மறுமொழிக்குரிய நேரம் முழுவதும் பேசாமல் காத்திருப்பார். பிறகு அடுத்ததைத் தொடங்குவார். மறுபாதியை அவரே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வா என்று அம்மாவையும் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. நான் சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில், கதவுச் சட்டத்தில் சாய்ந்து, யார் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்பேன். உயிர்ப்பு ஞாயிறும் எங்கள் வீட்டில் அப்படியேதான் கழிந்தது. கோயிலுக்கு அப்பாவும் நானும் மட்டும் போய்வந்தோம்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு மாலையில் அம்மா நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். கூடத்தில் அப்பா முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார். சமையல்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அது வேண்டுகிற குரல் அல்ல; வாசலில் நின்று ஒருவரைச் சண்டைக்கு இழுக்கிற குரல். "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று ஆரம்பித்து, கைவேலையை நிறுத்தாமலே சொல்லிக்கொண்டு போனவர், "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்ற இடத்தில் உடைந்துபோனார். மீன் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கூடத்தில் அடுத்ததை அப்பா தொடங்க வேண்டும். அவருடைய தோள்கள் குலுங்கின. வாய் திறந்தும் சத்தம் வரவில்லை. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அடக்கத்தன்றுகூட அவர் அழவில்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல், கதவோரம் நின்றபடியே நான் அப்பாவின் பாதியை எடுத்துச் சொன்னேன். அம்மா உள்ளேயிருந்து பதில் சொன்னார். இன்னொன்று சொன்னேன், அப்பாவும் அம்மாவோடு சேர்ந்துகொண்டார். மறைக்கல்வி வகுப்பில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. என் விசுவாசம் எங்கே பிறந்தது என்று யாராவது கேட்டால், நெத்திலி நாற்றமடித்த அந்தக் கதவோரம்தான் என்பேன்.

அம்மாவின் கோபம் முழுதாகத் தீரவில்லை. கடைசிவரை கோபத்தோடேயே செபித்தார். அப்படியும் செபிக்கலாம் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

இருவரும் இப்போது இல்லை. அந்த மாடி வீடு சுற்றுப்பயணிகள் தங்கும் விடுதியாகிவிட்டது. தமிழ்ப் பூசையில் முன்வரிசைகளில் நரைத்த தலைகளே தெரிகின்றன. "பிரியதத்தம்" என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்களிலும் சிலர்தான். ஜுருவில் தொழிற்சாலை வேலையிலிருந்த என் மகன் மெல்பர்னில் குடியேறிவிட்டான். நல்ல பிள்ளை. இந்தக் கதையை அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். "பாவம்மா தாத்தா" என்றான், மனதாரத்தான் சொன்னான். ஆனால் அவனுக்கு அது தாத்தாவின் கதை மட்டுமே. பேத்திக்கு எப்போது ஞானஸ்நானம் என்று கேட்டபோது, "அவ பெரியவளாகி அவளே முடிவு பண்ணட்டும்மா. எனக்கே நம்பிக்க இல்லாம அவ தலையில தண்ணி ஊத்துனா அது பொய்தானே?" என்றான். 

போன ஞாயிறு கைப்பேசியில் பேத்தியைக் காட்டினான். குளித்து முடித்து, ஈரத்தலையோடு திரைக்கு மிக அருகில் வந்து சிரித்தாள். நான் அறியாமலே கட்டைவிரலை நீட்டி, அவள் நெற்றி தெரிந்த இடத்தில் சிலுவை வரைந்தேன். கண்ணாடி சில்லென்றிருந்தது.

"என்னம்மா பண்றீங்க?" என்றான் மகன்.

"ஒண்ணுமில்லப்பா, தூசி" என்றேன்.